சகலையின் சிவப்புக் காரும் என் பெரிய டிக்கியும்

சகலை புதுசாக ஒரு சின்ன சிவப்புக் கார் வாங்கியிருக்கிறார். மிதித்தால் சீறுது.

எனக்கும் அதன்மேல்தான் ஆசை. என் வீட்டுக்காரிதான், "அந்த பொம்ம வண்டில இன்னாத்த ஏத்துவீங்க?" என்று பெரிய டிக்கி வண்டியை வாங்க வைத்தாள்.

இன்று இரண்டு காரிலும் வெள்ளிமலைக்கு, மாமனார் வீட்டுக்குப் போனோம். வரும்போது இரண்டு மூட்டை சாமையும் ஒரு பலாப்பழமும் கொடுத்தார்கள். சகலை டிக்கியில் ஒரு மூட்டைகூட நுழையவில்லை.

எனக்கு வாயெல்லாம் பல். "இன்னா சகலை, உங்க டிக்கி விபூதி பைதான் புடிக்குமா?"

"அதான் உங்க வண்டி இருக்குதே" என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் என்னிடம் ஏற்றிவிட்டார்.

திரும்பினால், என் வீட்டுக்காரி அவர் காரில் தன் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்! "நான் இதுல சீக்கிரம் போயி உல வெக்கிறேன். நீங்க மூட்டைய பாத்து மெதுவா எடுத்துக்கினு வாங்க."

முதல் வளைவிலேயே சிவப்பு வண்டி மறைந்துவிட்டது.

முன் சீட்டில் வைத்த பலாப்பழத்தை ஆள் என்று நினைத்து என் வண்டி டிங் டிங் என்று கத்தியது. அதற்கு பெல்ட் மாட்டி, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீடு வரைக்கும் அதனோடு பேசிக்கொண்டே வந்தேன்.

வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. போன் போட்டேன். "வண்டி சூப்பரா போவுதுங்க! அப்பிடியே வடக்கனந்தல் வரிக்கும் ஒரு ரவுண்டு!"

வாசலில் நானும் பலாப்பழமும் காத்திருக்கிறோம்.

கார் வாங்கப் போறவங்க நல்லா யோசிச்சு சொல்லுங்க. டிக்கி பெரிசா இருக்கணுமா, இல்ல பொண்டாட்டி பக்கத்துல இருக்கணுமா?