சொட்டு நின்ன வாரம்

ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீங்களா கண்டுபுடிச்சு சிரிக்க வேணாம். பதிமூணு வயசுல, மயிலாப்பூர்ல எங்க சந்துல நின்ன பிக்கப் வண்டிக்கு அடியில குப்புறப் படுத்துக்கினு, தரையில சொட்டியிருந்த ஒண்ண விரலால தொட்டு நாக்குல வெச்சு ருசி பார்த்தவன் நான். பாயசம்னு நெனச்சேன். மொதல்ல லேசா இனிச்ச மாதிரிதான் இருந்துச்சு, அடுத்த நொடி நாக்கு நடுவுல ஒரு கசப்பு வந்து ஒட்டிக்கிச்சு. வாய எத்தன தடவ கொப்புளிச்சும் சாயங்காலம் வரைக்கும் போவல.

ஏன் பாயசம்னு நெனச்சேன்னு கேப்பீங்க. அதுக்கு நைனா கடையப் பத்தி சொல்லணும். கல்யாணத்துக்கு பாத்திரம் வாடகைக்கு விடற கடை. அண்டா, தவல, குண்டான், என் உயரத்துக்கு ஜல்லிக் கரண்டி, எல்லாத்து விளிம்புலயும் நைனாவோட இனிஷியல உளி வெச்சு புள்ளி புள்ளியா அடிச்சிருக்கும். அதுங்கள ஏத்திக்கினு தி.நகர், அடையாறு, அசோக் நகர்னு சுத்தறதுக்குத்தான் அந்த பிக்கப். ஓட்டறது அம்மாவோட தம்பி, சேகர் மாமா. போறப்ப பாத்திரம் பளபளன்னு போவும். திரும்பி வர்றப்ப அடியில ரெண்டு கரண்டி மிச்சத்தோட, கழுவாம கொள்ளாம வரும். வண்டியோட பின்பக்கப் பலகையில அங்கங்க ஓட்ட. அதனால எங்க வண்டி நின்ன எடத்துல தரையப் பாத்தே, நேத்து கல்யாணத்துல இன்னா சமையல்னு சந்துல எல்லாரும் சொல்லிடுவாங்க. மஞ்சளா இருந்தா சாம்பார், செவப்பா இருந்தா ரசம், பிசுபிசுன்னு இருந்தா பாயசம். வண்டிக்கு அடியில ஈரம்ன்றது எங்க வூட்ல ஒரு சேதியே கெடையாது.

அந்த வைகாசி லீவுல ஒரு நாள் காலைல சொட்டியிருந்தது கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. தெளிவா, லேசான தேன் நெறத்துல, நாலணா சைசுக்கு ஒரு வட்டம். மறுநாள் அது எட்டணா ஆச்சு. அதுக்கு மறுநாள் அம்மா போட்ட கோலத்தோட ஒரு மூலைய தின்னுட்டு, உள்ளங்கை அளவுக்குப் படர்ந்துச்சு. அம்மாவுக்கு அது பிடிக்கல. "சொட்டற எடத்துல லட்சுமி நிக்க மாட்டா, மொதல்ல பாத்திரத்த கழுவிப் போடுங்க"ன்னு மாமாவ விரட்டுனாங்க. மாமாவும் பின்பக்கப் பலகைய ரெண்டு வாளித் தண்ணி ஊத்திக் கழுவுனாரு. மறுநாளும் சொட்டுச்சு.

எனக்கு மட்டும் ஒண்ணு ஒதச்சுது. எறும்பு வரல. எங்க சந்து எறும்புங்களுக்கு கல்யாண சீசன் நல்லாத் தெரியும், பாயசம் விழுந்த பத்தாவது நிமிஷம் வரிச கட்டிடும். இந்த வட்டத்துக்கிட்ட வந்த ஒண்ணு ரெண்டு எறும்பும் ஓரத்துல நின்னு, மீச ஆட்டிப் பாத்துட்டு, சுத்திக்கினு போச்சு. அறிவுள்ள பிராணி. நான் அப்பிடி இல்லாததாலதான் நக்கிப் பார்த்தேன்.

கசப்பு ஏறின ரோஷத்துல துப்பறிய ஆரம்பிச்சேன். சாப்பாட்டுத் தட்டு நாலு எடுத்து, நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல ஒண்ணொண்ணு வெச்சேன். காலைல பாத்தா மூணு தட்டு காஞ்சு கெடக்கு, பின்னால இடதுபக்கத் தட்டுல மட்டும் ஈரம். டயரோட உள்பக்கமும் நனஞ்சிருந்துச்சு. மாமாவ இழுத்துக்கினு வந்து காட்டுனேன். அவரு தொட்டாரு, ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சாரு, மோந்தாரு. நக்கல.

"மாப்ள, பாயசமும் இல்ல ஒண்ணும் இல்ல. பிரேக் ஆயிலுடா இது"ன்னாரு.

அத சொன்னப்ப அவரு கொரல் கொஞ்சம் எறங்குச்சு. ஆனா முகூர்த்தம் வரிசையா நிக்குது, வண்டி ஒரு நாள் நின்னா நைனா வாய்க்கு பதில் சொல்ல முடியாது. "ஞாயித்துக்கெழம அன்வர் பாய்கிட்ட வுட்டு வாஷர் மாத்திக்கலாம். அதுவரைக்கும் தெனம் கொஞ்சம் ஊத்திக்கினே ஓட்டுவோம். நீதான கண்டுபுடிச்ச, நீயே ஊத்து. கடை ஷெல்ஃப்ல ஆயில் கீது, எடுத்துக்கோ"ன்னு பானெட்டத் தூக்கி, மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவக் காட்டிட்டுப் போயிட்டாரு.

இங்கதான் எங்க சந்து பாஷை என் கழுத்த அறுத்துச்சு. எங்களுக்கு எல்லாமே ஆயில். தையல் மெஷின்ல விடறது ஆயில், கதவு கீலுக்கு விடறது ஆயில், கியருக்கு ஆயில், என்ஜினுக்கு ஆயில், பிரேக்குக்கும் ஆயில். ஷெல்ஃப்ல கைக்கு எட்டுற எடத்துல ஒரு ஜூஸ் பாட்டில்ல, கட்டியா, பச்சை கலந்த பழுப்பா ஆயில் இருந்துச்சு. எடுத்து அந்த டப்பா வாய் வரைக்கும் ஊத்தினேன். ஒரு சொட்டு சிந்தல. அவ்ளோ சுத்தமான வேல.

அடுத்த நாள் காலைல ஓடிப் போய் தட்டப் பாத்தேன். பாதி ஈரம். அதுக்கு அடுத்த நாள் சுத்தமா இல்ல. தர காஞ்சு கெடந்துச்சு, அம்மா போட்ட கோலம் நாலு மூலையும் முழுசா நின்னுச்சு. வாஷரே மாத்தாம லீக்க நிறுத்துன பையன்னு சந்துல என்ன "மெக்கானிக்"குனு கூப்ட ஆரம்பிச்சாங்க. நைனா ஒருத்தர்கிட்ட, "எம் பையன் கை வெச்சா நின்னுடுது"ன்னு சொன்னத நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். என் ஆயுசுல அவரு என்னப் பத்தி அப்பிடி ஒரு வார்த்த அதுக்கு முன்னயும் சொன்னதில்ல, பின்னயும் சொன்னதில்ல.

அன்னிக்கே மத்தியானம், பம்பரக் கயிறு தேடி ஷெல்ஃபக் கொடஞ்சப்ப, பழைய துணிக்குப் பின்னால ஒரு சின்ன டின்னு கெடச்சுது. சீல் ஒடைக்கல. மேல இங்கிலீஷ்ல பிரேக்குனு போட்டிருந்துச்சு. பின்னால பொடி எழுத்துல என்னமோ எழுதியிருந்துச்சு. நான் இங்கிலீஷ்ல முப்பத்தஞ்சு மார்க் ஆளு, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். வேற எந்த ஆயிலும் கலக்கக் கூடாதுன்ற வரைக்கும் புரிஞ்சுது.

அப்ப ஓடிப்போய் சொல்லியிருக்கணும். நான் அந்த டின்ன எடுத்து, ஒடஞ்ச அண்டா ஒண்ணு மூலையில கவுத்துப் போட்டிருந்துச்சு, அதுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன்.

நைனா அடிக்கற ஆளு இல்ல. அடிச்சாக் கூட பரவால்ல. தப்பு பண்ணவன ஒரு வார்த்த சொல்லாம, அவன் கையில இருக்கற வேலைய புடுங்கி, அவன் கண்ணு முன்னாலயே வேற ஒருத்தன் கையில குடுத்துடுவாரு. மெக்கானிக் பட்டம் வந்து ஒரு நாள் கூட ஆவல.

அதுக்கப்புறம் வண்டி என்கிட்ட மட்டும் பேச ஆரம்பிச்சுது. மாமா சவாரி முடிச்சு வந்து நிறுத்துனா சக்கரத்துக்கிட்ட கருகுன வாசன அடிக்கும். பின்சக்கரத்துல கை வெச்சுப் பாத்தேன், தோசைக்கல்லு. "இன்னாடா மாப்ள, ஆயிலு ஊத்துன? கால வெச்சாலே கப்புனு நிக்குது, கால எடுத்தாலும் வுட மாட்டேங்குது"ன்னு மாமா சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல. தரையப் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல. சொட்டிக்கினு இருந்த வரைக்கும் எங்க ஓட்டன்னு தெரிஞ்சுது. காஞ்சதுக்கு அப்புறம் எங்கன்னே தெரியல.

வியாழக்கெழம அடையாறுல ஒரு பெரிய கல்யாணத்துக்கு லோடு. எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு: வெறும் பாத்திரம் கல்யாண வூட்டு வாசப்படி ஏறக் கூடாது. மொத அண்டாவுல ஒரு மஞ்சக் கெழங்கும் ஒரு புடி அரிசியும் போட்டு, அம்மாதான் தன் கையால எறக்கி வெக்கணும். அது வரைக்கும் அந்த வாரம் எல்லாம் மாட வீதிப் பக்கத்து மண்டபங்கதான், அம்மா நடந்தே போய் வந்தாங்க. அடையாறுக்கு வண்டியில போவணும். அம்மா போனா ஏழு வயசு தங்கச்சி வள்ளி மடியில ஏறாம இருக்க மாட்டா.

காலைல அஞ்சரைக்கெல்லாம் எழுந்து, என் மூளைக்கு எட்டுன ஒரே வழியப் பண்ணேன். முன்சக்கரத்துக் காத்த எறக்கி விட்டேன். புஸ்ஸுனு அது எறங்க எறங்க என் நெஞ்சுல ஒரு நிம்மதி ஏறுச்சு. மாமா வந்தாரு, பாத்தாரு, "எந்த நாதாரிடா?"ன்னு தெருவப் பாத்து ஒரு தடவ கேட்டாரு, ஸ்டெப்னிய எடுத்து மாட்டிட்டு, கையத் தொடச்சுக்கினாரு. மொத்தமே கால் மணி நேரம். ஸ்டெப்னி காத்தையும் எறக்கணும்னு எனக்குத் தோணல. சதி பண்றதுலயும் நான் முப்பத்தஞ்சு மார்க்தான்.

அம்மா மஞ்சக் கெழங்க முந்தானையில முடிஞ்சுக்கினு முன்சீட்ல ஏறுனாங்க. வள்ளி மடியில. வாயத் தொறந்தேன். "இன்னாடா?"ன்னாங்க அம்மா. "நானும் வரேன்"னு சொல்லிட்டு, பின்னால அண்டாங்களுக்கு நடுவுல ஏறி உக்காந்துட்டேன்.

மந்தவெளி தாண்டி, கிரீன்வேஸ் ரோட்டு மரநெழல்ல போற வரைக்கும் ஒண்ணும் ஆவல. அண்டாங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கினு, கோயில் மணி மாதிரி இல்ல, சாவு வூட்டுச் சங்கு மாதிரி முனகிக்கினே வந்துச்சு. அடியில இருந்து கருகல் வாசன வர ஆரம்பிச்சுது. வண்டி மூச்சு வாங்கிக்கினு அடையாறு பாலம் ஏறுச்சு. கீழ ஆத்துத் தண்ணி அசையாம கறுப்பா நின்னுச்சு. எறக்கத்துல வண்டி வேகம் எடுத்தப்ப, பிரேக்க மிதிக்கற மாமா கால் வண்டித் தரையில டப்பு டப்புனு அடிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவ. நாலு தடவ. அப்புறம் அவரு கொரல், ரொம்ப அமைதியா: "அக்கா, புள்ளய நல்லாப் புடிச்சுக்கோ. பிரேக் இல்ல."

முன்னால சிக்னல்ல ஒரு பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சு, படியில ஜனம் தொங்கிக்கினு இருந்துச்சு. மாமா கியரக் கொறச்சாரு, வண்டி கத்துச்சு. ஹேண்ட் பிரேக்க இழுத்தாரு. அப்புறம் பஸ்ஸ விட்டு வண்டிய ஒடிச்சு, நடபாதக் கல்லுல சக்கரத்த ஒரசிக்கினே போய் ஒரு வெளக்குக் கம்பத்துல மோதி நிறுத்துனாரு. என் தலைக்கு மேல ரெண்டு அண்டா பறந்துச்சு. ஒண்ணு ரோட்டுல உருண்டு உருண்டு, எல்லாரும் வெலகி வழி விட, சிக்னல் வரைக்கும் போய் நின்னுச்சு. எனக்கு ஒரு கீறல் கூட இல்ல. மாமாவுக்கு வலது மணிக்கட்டு ஒடஞ்சு கை வேற பக்கம் பாத்துக்கினு இருந்துச்சு. வள்ளி மோவாய் பொளந்து, அம்மாவோட பொடவ முழுக்க ரத்தம்.

வண்டிய இழுத்துக்கினு போய் அன்வர் பாய் பட்டறையில போட்டாங்க. அவரு டப்பா மூடியக் கழட்டி விரல விட்டுப் பாத்தாரு, அப்புறம் சக்கரத்தப் பிரிச்சாரு. உள்ள இருந்த ரப்பர் வாஷர் எல்லாம் தண்ணியில ஊறுன அப்பளம் மாதிரி உப்பிப் போய் கையோட வந்துச்சு. "யா அல்லா, எவன்பா இதுல என்ஜின் ஆயில் ஊத்துனது? இது ஊறிக்கினு மொதல்ல லீக்க நிறுத்தும், அப்புறம் ஆள நிறுத்தும்"னாரு.

நைனா மாமாவப் பாத்தாரு. மாவுக்கட்டு போட்ட கையோட மாமா என்னப் பாத்தாரு. நான் பட்டறை செவுத்துல மாட்டியிருந்த ஸ்பேனருங்கள ஒண்ணொண்ணா எண்ணிக்கினு இருந்தேன்.

"அவசரத்துல நான்தான் மாத்தி ஊத்திட்டேன்"ன்னாரு சேகர் மாமா, நைனாகிட்ட.

நைனா சாவிக்குக் கைய நீட்டுனாரு. மாமா எடது கையால எடுத்துக் குடுத்தாரு. கட்டு பிரிச்சப்புறமும் அந்த சாவி அவருக்குத் திரும்பக் கெடைக்கல. பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனி வேன் ஓட்டப் போயிட்டாரு, மணிக்கட்டு இன்னி வரைக்கும் முழுசா திரும்பவே இல்ல.

இப்ப அந்தக் கடை இருந்த எடத்துல அபார்ட்மெண்ட். பாத்திரம் வாடகைக்குக் கேட்டு யாரும் வர்றதில்ல, சமையல் கான்ட்ராக்ட் எடுக்கறவங்களே எல்லாம் கொண்டு வந்துடறாங்க. நைனாவும் இல்ல, உளி வெச்சு இனிஷியல் அடிக்கறவனும் இல்ல. பிரேக் ஆயில் கொறஞ்சா இன்னிக்கு வண்டியே செவப்பு வெளக்கு போட்டுக் காட்டிடுது, எவனும் குப்புறப் படுத்து நக்க வேண்டியதில்ல. நைனா போனதுக்கு அப்புறம்தான் எனக்கு தைரியம் வந்து, விசேஷத்துக்கு விசேஷம் இந்தக் கதைய ஜோக்கா சொல்ல ஆரம்பிச்சேன். எறும்பு கட்டத்துல சிரிப்பாங்க, ஸ்டெப்னி கட்டத்துல பெருசா சிரிப்பாங்க. கடைசியில, "ஆனா ஒண்ணு, தெரிஞ்சே அவங்க கூட வண்டியில ஏறுனேன் பாரு"ன்னு கொஞ்சம் கொரலத் தாழ்த்தி முடிப்பேன். அந்த எடத்துல யாராவது ஒருத்தர் உச்சு கொட்டுவாங்க. எனக்கு அது பிடிக்கும்.

போன மாசம் சேகர் மாமாவோட அறுபதாம் கல்யாணம், தி.நகர்ல. அங்கயும் சொன்னேன். மாமாவே வயித்தப் புடிச்சுக்கினு சிரிச்சாரு. வள்ளி சிரிக்கல. முடிஞ்சதும் அவள வூட்ல எறக்கி விட வண்டி எடுக்கப் போனேன். கதவத் தொறக்காம நின்னா.

"அண்ணா, நீ எங்களுக்காக ஏறல. 'நிறுத்துங்க'ன்னு ஒரு வார்த்த சொல்றத விட சாவறது உனக்கு ஈஸியா இருந்துச்சு. இத இனிமே ஜோக்கா சொல்லாத."