பொங்கினால்தான் பிழைப்பு

வீட்டில் பால் பொங்கினால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பார்கள். பொங்கித் தீப்பிடிக்காதா என்று தவித்துக்கொண்டு நிற்பது எங்கள் தொழில். துத்தநாக நைட்ரேட்டையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்துச் சூட்டடுப்பில் வைத்தால், நுரைத்து, குப்பென்று பற்றி, உடனே அடங்கிவிடும். மிஞ்சுகிற வெள்ளைப் பொடிதான் நானோ துகள். அது எனக்கு ஒருமுறை அருமையாக வந்தது. ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம், மறுபடி அப்படியே வந்தால்தான் தீசிஸ் என்று கைடு சொல்லிவிட்டார். பிஎச்டி பண்ணும் சக பாவிகளே, அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கவேண்டும், நின்றால் நடக்கவேண்டும்.

மடியில் இருந்தது

அந்த முதல் பொடியைச் சோதனைக்காகச் சென்னைக்குக் கொண்டுபோனேன். விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து கண்ணாடிக் குப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஏறிய ஒரு அம்மா பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, அது என்னவென்று கேட்டார். எரித்து எடுத்ததும்மா, சாம்பல் மாதிரிதான் என்றேன்.

அவர் என் முகத்தையும் குப்பியையும் மாறிமாறிப் பார்த்தார். ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். திண்டிவனத்தில் இறங்கும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "உள்ளயே வச்சிக்கினு இருக்காத கண்ணு, அழுதுடு. போனது திரும்பியா வரப்போவுது?"

எத்தனை ஏக்கர்?

இரண்டாம் முறை செய்யப் போனால் லேபில் யூரியா தீர்ந்திருந்தது. ஆர்டர் போட்டது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொறுக்கமாட்டாமல் உரக்கடைக்கு ஓடினேன். எத்தனை ஏக்கர், நெல்லா மல்லாட்டையா என்று கடைக்காரர் கேட்டார். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். ஒரு கிண்ணம் போதும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூட்டையாகத்தான் தருவாராம், அதற்கும் ஆதாரும் கைரேகையும் வேண்டுமாம். பக்கத்தில் நின்ற விவசாயி இரக்கப்பட்டு, தன் மூட்டையைப் பிரித்துப் பேப்பரில் ஒரு பிடி மடித்துக் கொடுத்தார்.

அதைப் போட்டு எரித்ததில் பொடி சாம்பல் நிறத்தில் வந்தது. மறுபடி சுட்டால் வெளுக்கும், ஆனால் துகள் பருத்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடை யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள் என்பது அவசரத்தில் மறந்தே போயிருந்தது. கூட ஆராய்ச்சி செய்யும் சகாயமேரி யூரியா மடித்த பேப்பரை முகர்ந்து பார்த்தாள். "வேப்பெண்ணெ வாசன வருது. பூச்சியும் வராது, தீசிசும் வராது."

காற்று

கடைசியில் லேப் யூரியா வந்தது. மே மாதம். பொடி பறக்கும் என்பதால் ஃபேன் போடமுடியாது. வியர்வை சொட்டச்சொட்டக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கரைசல் பொங்கியது, பற்றியது, அடங்கியது. பார்த்தால் பூப்போல வெள்ளை. கிண்ணத்தை எடுத்து மேசைமேல் ஆறவைத்தேன்.

அப்போது கைடு உள்ளே வந்தார். நான் நனைந்து நிற்பதைப் பார்த்து, இப்படியா புழுக்கத்தில் நிற்பது என்று பரிவோடு சுவிட்சைத் தட்டினார். பொடி மொத்தமும் எழும்பி என்மேலும் அவர்மேலும் இறங்கியது. அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "உன் தலையப் பாத்தாலே தெரியுதும்மா, நல்ல வெள்ளைதான். இன்னொரு தடவ பண்ணிடு."

மறுநாளும் அது வெள்ளையாகவே வந்துவிட்டதால், பஸ்ஸில் என்னைத் தேற்றிய அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: போனது திரும்பி வரும், யாரும் ஃபேன் போடாமல் இருந்தால்.