ஆசீர்வாதம் முடியும்வரை

எங்கள் கிறிஸ்தவ சபையில் பாட்டென்றால் எல்லோரும் பாட வேண்டும். ஒருவர் பாட மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பது எங்களுக்குப் பழக்கமே இல்லை. இது நன்றாகத் தெரிந்திருந்தும், எண்பதுகளின் நடுவில் ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து என்னும் தவக்காலத்தில், ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கோவிலுக்குள்ளேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி வைக்கலாம் என்று ஆரம்பித்தவன் நான்தான். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே, மிளகாயும் பருத்தியும் விளையும் கரிசல்காட்டில், இதற்கு யார் அழுதார்கள் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்று எனக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூட வாத்தியார், பாடகர் குழுச் செயலாளர், ரேடியோவில் கச்சேரி கேட்டுக் கேட்டுத் தலைக்கனம் ஏறியவன்.

போதகரை நாங்கள் ஐயர் என்போம். "தாராளமா வைங்க தம்பி. நம்ம கீர்த்தனைகளப் பாடுனாச் சரி" என்றார் ஐயர். மதுரையிலிருந்து ஒரு பாடகரை ஏற்பாடு செய்தேன். இந்துதான், ஆனால் எங்கள் கீர்த்தனைகளை ராக பாவத்தோடு பாடக்கூடியவர். வயலினும் மிருதங்கமும் அவரோடு பஸ்ஸில் வந்து இறங்கின.

முதல் ஞாயிறு மானம் போயிற்று. அவர் பல்லவியை எடுத்தார். இரண்டாம் முறை அதையே கொஞ்சம் அலங்கரித்துப் பாட மூச்சை இழுத்தார். அந்த இடைவெளி போதாதா? சபை மொத்தமும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டது. அவர் முதல் அடிக்கு ஸ்வரம் போட்டு முடிப்பதற்குள் இவர்கள் மூன்று சரணமும் பாடி, ஆமென் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டார்கள். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஐந்து மணிக்கு மேல் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போகத் தொடங்கினார்கள். மிளகாய் அள்ளும் நேரம் அது.

அடுத்த வாரம் மைக்கைப் பிடித்துச் சட்டம் போட்டேன். யாரும் கூடச் சேர்ந்து பாடக் கூடாது. பாட்டு முடிந்தால் கை தட்டலாம், பாவமில்லை. ஐயர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. கடைசிச் சட்டம் புதிதல்ல. ஆராதனையில் ஆசீர்வாதத்துக்கு முன் எழுந்து போனவரைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு வாரம் பேசுவார்கள். அந்தப் பயத்தைக் கச்சேரிக்கும் இழுத்துவந்தேன், அவ்வளவுதான். எதிரே மாவு மில் இரைச்சல் என்பதால் கதவு ஜன்னல்களையும் சாத்தச் சொன்னேன்.

லெந்து காலம் எங்கள் பக்கம் வத்தல் காயும் காலம். பழுத்த மிளகாயைத் தரையில் பரப்பி நாள் முழுக்க வெயிலில் காயவிட்டு, பொழுது சாயும்போது அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். சொந்தக் களம் இல்லாதவர்கள் கோவிலுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் காயப்போடலாம். என் சித்தி, அம்மாவின் தங்கை, அங்கேதான் காயப்போட்டிருந்தாள். சித்தப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. குத்தகை நிலத்தில் அவளும் மகளும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய மிளகாய். லெந்தில் நாங்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் கழிந்த வாரம் அந்த மகளுக்கு, என் தங்கச்சிக்கு, கல்யாணம் என்று கோவிலில் ஓலை எழுதியாகிவிட்டது. வத்தல் விற்றால்தான் கல்யாணம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும்.

நான்காம் ஞாயிறு பாதிக் கோவில் காலியாகக் கிடந்தது. வந்த வித்துவான் முன் எனக்கு உடம்பு கூசியது. பின்பக்கம் ஓடினேன். சித்தியும் தங்கச்சியும் மிளகாயைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி, ரெண்டு பேரும் உள்ள வந்து உக்காருங்க. ஆளே இல்ல, அசிங்கமா இருக்கு."

"மொளகா கெடக்கேய்யா. அள்ளிக் குமிச்சுட்டு ஓடியாறேன்."

"அதுக்குள்ள பாதி முடிஞ்சிரும். வானம் பளிச்சுன்னு இருக்கு, என்ன ஆயிரும்? ஒரு நா லேட்டா அள்ளுனாத்தான் என்ன?"

சித்தி வானத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "அவள வேணா விட்டுட்டு வாரேன்" என்றாள். நான் விடவில்லை. மற்ற வீடுகளில் காவலுக்குப் புருஷனோ மகனோ வெளியே இருந்தார்கள். இவர்களுக்கு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் என் கண்ணுக்குக் காலிப் பாய்கள்தான் தெரிந்தன.

இரண்டு பேரும் முன்வரிசைப் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். கச்சேரி அன்று அருமையாக அமைந்தது. நடுவில் வித்துவான், "ஏதாவது விருப்பம் உண்டா?" என்று கேட்டார். என் படிப்பைக் காட்ட வேண்டாமா? "அமிர்தவர்ஷினி" என்றேன். அதைப் பாடினால் மழை வரும் என்பார்கள் என்று மைக்கிலும் சொல்லிவைத்தேன். இரண்டு வருஷமாக மழை பொய்த்த ஊர். சபை சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை.

அவர் அந்த ராகத்தில் ஒரு கீர்த்தனையை விஸ்தாரமாகப் பாடி, மிருதங்கத்துக்குத் தனி விட்டார். தனி ஆவர்த்தனம் நடக்கும்போதே இடி இடித்திருக்க வேண்டும். சாத்திய கதவுக்குள் எது தோல், எது வானம் என்று தெரியவில்லை. பிறகு மிருதங்கம் நின்ற ஒரு நொடியில் தெளிவாக ஓர் இடி. சித்தி தரையில் கையை ஊன்றி எழுந்தாள், பாதி எழுந்தவள் என்னைப் பார்த்தாள்.

நான் உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு முறை அமுக்கினேன். வகுப்பில் பிள்ளைகளை உட்காரச் சொல்வேனே, அப்படி.

சித்தி உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டின் மேல் மழை கொட்டத் தொடங்கியது. வித்துவான் கண்ணை மூடியபடி புன்னகைத்தார். சபை வாயைப் பிளந்தது. ஒருவரும் அசையவில்லை. ஐயர் எழுந்து, ஜெபம் சொல்லி, கையை உயர்த்தி ஆசீர்வாதம் முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. நாங்கள் பின்பக்கம் ஓடியபோது மிளகாய் ஓடைப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. தங்கச்சி தாவணியில் அள்ளினாள். நான் வேட்டியில் அள்ளினேன். சித்தி ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று கைக்கு அகப்பட்டதை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அள்ளியதும் தேறவில்லை. நிறம் வெளுத்துப் பூஞ்சணம் பிடித்தது. அருப்புக்கோட்டை கமிஷன் கடைக்கு நானே சித்தியோடு போனேன். கடைக்காரர் ஒரு வத்தலை ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கோவிச்சுக்கிறாதீக தாயி" என்று சாக்கிலேயே திரும்பப் போட்டார்.

ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. கோவிலில் ராகம் பாடி மழை வந்ததாம். டீக்கடையில், பஸ்ஸில், அந்தப் பக்கம் வீரசோழன் ஊர் வரைக்கும் அதே பேச்சு. கிணற்றில் நாலடி தண்ணீர் ஏறியவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். அடுத்த ஞாயிறு கோவில் நிரம்பி வழிந்தது. ஊர்க் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து வாசலில் நின்று கேட்டார்கள். "என்னய்யா செய்ய, ராகம் மழையக் கொண்டாந்துருச்சு, ஓங் குத்தமா?" என்று சித்தியே என்னிடம் சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. ராகத்தை நம்பாதவன் அன்றிலிருந்து ராகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஈஸ்டருக்குப் பின் இரண்டு மாதம் பொறுத்தார்கள். பிறகு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். தங்கச்சிக்கு நாலு வருஷம் கழித்துப் பரளச்சியில், இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கல்யாணம் நடந்தது. கச்சேரி மட்டும் வருஷம் தவறாமல் நடந்தது. அந்த மழைதான் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

பத்தாவது வருஷம் விழா எடுத்தார்கள். சித்தி அதற்கு முந்தின வருஷம் காலமாகியிருந்தாள். மைக்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். மழை வந்த கதையைத்தான் சொன்னேன், இடி, ஓட்டுச் சத்தம், வித்துவானின் புன்னகை எல்லாம் சேர்த்து. நன்றாகக் கை தட்டினார்கள். இப்போது எல்லோருக்கும் கை தட்டத் தெரியும்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் தங்கச்சி நின்றிருந்தாள். கூட்டத்தில் அவள் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"நல்லாப் பேசுனீகண்ணே" என்றாள். "அம்மா எந்திரிச்சதையும் நீங்க கையக் காட்டி உக்கார வச்சதையும் விட்டுட்டீக."

"நீ பாத்தியாம்மா?"

"பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"சித்தி எங்கிட்ட ஒன்னுஞ் சொல்லலியே. ராகந்தான் காரணம்னு..."

"அந்தப் பேச்ச ஊருல மொதமொத ஆரம்பிச்சதே அம்மாதான். மறுநா காலைல கொழாயடில நின்னு ஒவ்வொருத்தரு கிட்டயும் சொன்னாக. வாத்தியாரா இருக்கான், நாளைக்கு நாலு பேரு முகத்துல முழிக்கணும், அவம் பேரு கெட்ருமேன்னு எங்கிட்ட மட்டுஞ் சொன்னாக. என்னையும் பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

பரளச்சி பஸ் வந்தது. "அம்மா போய்ட்டாகள்ல, அதான் சொல்லிட்டேன். வாரேண்ணே" என்று ஏறிக்கொண்டாள். உள்ளே நின்றபடி என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் கையை உயர்த்தப் போனேன். உயர்த்த முடியவில்லை.