தியாகு அண்ணன் அடைத்த கதவு

செய்தி இந்தியில்தான் வந்தது. பக்கத்து மீன்கடைக்காரர் ஓடி வந்து, "தீதி, தியாகு பாய் நஹீ ரஹே" என்றார். அண்ணன் இறந்துவிட்டார் என்று அர்த்தம். போர்ட் பிளேரில் நானும் தியாகு அண்ணனும் சேர்ந்து நடத்திய கம்ப்யூட்டர் கடை அது. "அண்ணன் டீ குடிக்கப் போயிருக்கார், இப்ப வந்துருவார்" என்று ஒரு வாடிக்கையாளரிடம் அப்போதுதான் சொல்லியிருந்தேன். டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாராம்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள். உங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டு, புளி கம்மி என்று குறையும் சொல்லியிருப்பார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். கேட்டால், "கடையில அதட்டுறவங்க யாரோ அவங்கதான் அக்கா" என்பார்.

நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்து இறங்கிய கப்பல்தான் கடைசி, இனி ஏறுவதில்லை என்று இருந்தார். வாந்தி வரும் என்று சாக்குச் சொல்வார். நாங்களும் வாந்திதான் என்று நம்புவதுபோல் நடிப்போம். ஆனால் வாடிக்கையாளர்கள் தீவு தீவாக இருந்தார்கள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த வீட்டு ரூட்டரை அமைத்தாலும், வெளியிலிருந்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கிற வசதியை மூடாமல் விட்டுவிடுவார். "கப்பல் ரத்தானா என்னக்கா, நான் லைனுக்குள்ள பூந்து போயிருவேன்ல" என்று ஒரே பெருமை.

கார் நிக்கோபாரில் நர்ஸாக இருக்கும் சரோஜா அக்காவின் மகளுக்குச் சென்னையில் குழந்தை பிறந்தது. அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெயர் சூட்டுவதை வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்து அவர் வீட்டு ரூட்டர் தானாகவே நின்று நின்று கிளம்பியது. "தியாகு பாய், பேரப்புள்ளய நான் பாக்கணும். குச் பீ கரோ, எதாச்சும் பண்ணுங்க" என்று போனில் அழுதார்.

அண்ணன் கடையிலிருந்தே உள்ளே போய்ப் பார்த்தார். அவர் வைக்காத அமைப்புகள் அங்கே இருந்தன. அவர் திறந்து வைத்த வழியாகவே வேறு யாரோ புகுந்திருந்தார்கள். இணைப்பைச் சோதிக்க ஓர் இணைய முகவரியை அடிக்கும் பெட்டி அந்த அமைப்புப் பக்கத்தில் உண்டு. முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு எந்தக் கட்டளையை எழுதினாலும், ரூட்டர் கேள்வி கேட்காமல் அதையும் செய்துவிடும். எனக்குப் புரியவில்லை. "டீக்கடையில ‘ரெண்டு டீ, அப்பிடியே கல்லாவையும் குடு’ன்னா குடுக்குற ஆளுக்கா இது" என்றார். பிறகு முகம் சுருங்கி, "கதவத் தொறந்து போட்டது நானு" என்றார்.

ஓட்டையை அடைக்கும் புது மென்பொருளை அந்த லைனில் அனுப்பினால் பாதியில் அறுந்து ரூட்டரே செத்துப்போகும். பென் டிரைவில் கொண்டுபோனால்தான் உண்டு. "நான் போறேன் அண்ணே" என்றேன். "நான் தொறந்தத நாந்தான் அடைக்கணும்" என்று நிக்கோபார் போவதற்கான அனுமதிப் பாஸ் வாங்கக் கிளம்பிவிட்டார். கப்பல் துறையில் நான் கையசைத்தபோது திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.

ஞாயிறு காலை போன் வந்தது. புது மென்பொருள் ஏற்றி, வெளிக்கதவை மூடி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, அதே பெட்டியில் அரைப்புள்ளி போட்டு ‘அணைந்து கிளம்பு’ என்ற கட்டளையை அவரே அடித்துப் பார்த்தாராம். ரூட்டர் ‘தவறான முகவரி’ என்று மறுத்ததாம். அவர் கைதட்டியது என் காது வரை கேட்டது. "எவன் சொன்னாலும் தலையாட்டுற மெஷின் நமக்கு எதுக்குக்கா!" பின்னால் சரோஜா அக்கா பேத்தியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மனிதரைக் கடையில் பிடித்துவைக்க முடியவில்லை. ஹேவ்லாக், ரங்கத், திக்லிபூர் என்று தான் திறந்துவிட்ட ஒவ்வொரு கதவையும் நேரில் போய் அடைத்தார். வாந்தி ஒருநாளும் வரவில்லை. எடைதான் ஏறியது.

போன வாரம் அவருடைய பென் டிரைவோடு நான் கார் நிக்கோபார் போனேன். சரோஜா அக்கா அதே ரகத்தில் புது ரூட்டர் வாங்கியிருந்தார். எல்லாம் முடித்து, அந்தப் பெட்டியில் அதே வரியை அடித்தேன். ‘தவறான முகவரி’ என்று வந்தது. அவர் ஞாபகத்தில் கண் கலங்கி, அவரைப்போல் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

"மறுத்துருச்சா?" என்று சமையலறையிலிருந்து அக்கா கேட்டார்.

"மறுத்துருச்சு அக்கா."

மாவுக் கையோடு அவர் பலமாகத் தட்டினார். நானும் சேர்ந்து தட்டினேன்.