வாதநாராயணன் இலையும் சம்பந்தியம்மாள் முழங்காலும்

கீழ்பென்னாத்தூரில் பிறந்து அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவர் எங்கள் அக்கா. மாமா சீக்கிரமே காலமாகிவிட, நிலத்தையும் மகளையும் தனி ஆளாகக் காப்பாற்றினார். கூடவே கொல்லையில் ஒரு வாதநாராயணன் மரத்தையும் வளர்த்தார். மலை சுற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்கெல்லாம் அந்த இலையில் அடை சுட்டுக் கொடுப்பார். நிபந்தனை ஒன்றுதான்: மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் யாரும் இலை பறிக்கக் கூடாது.

எழுபதுகளின் கடைசியில், ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாள் மலை சுற்றியிருந்த மாப்பிள்ளையின் தாயாருக்கு முழங்கால் மடங்கவில்லை.

"டேய், எல பறிச்சினு வாடா" என்றார் அக்கா.

கோடை. கிணறு வற்றிவிட்டது. தண்ணீருக்குத் தெருக்கோடி பம்புக்குப் போக வேண்டும். நானோ தாய்மாமன், சலவை வேட்டியில் இருக்கிறேன். பாதையோரம் நின்ற மயில்கொன்றையில் ஒரு கை உருவிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டேன். பூதான் வேறு, இலை பார்வைக்கு ஒன்றுதானே.

அந்த அம்மாள் இரண்டாவது அடையைப் பிட்டபோதுதான் எனக்கு வேர்த்தது. மயில்கொன்றையை மனிதர் தின்று நான் பார்த்ததில்லை. இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் சம்பந்தம் போச்சு. ஜீப்பில் போலீஸ்காரர் என்னை எந்தப் பக்கம் உட்கார வைப்பார் என்பது வரை யோசித்துவிட்டேன்.

"சாப்டாதீங்கம்மா, அது வேற மரம்" என்று தட்டைப் பிடுங்கினேன். அடை மாப்பிள்ளை மடியில் விழுந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து நிதானமாகச் சொன்னார்: "குடம் வெச்ச எடத்துலயே இருந்துச்சி. அப்பவே தெரியும்டா. நீ குடுத்தத ஆட்டுக்குப் போட்டுட்டு, நானே தண்ணி ஊத்திப் பறிச்சினு வந்தேன்."

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் தாயார்தான். "இந்த வூட்ல தாராளமா பொண்ணு எடுக்கலாம்டா. தப்பு பண்ணா அவங்களே வந்து ஒளறிடுவாங்க" என்று மகனிடம் சொல்லிவிட்டு, மூன்றாவது அடை கேட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது.

சென்ற ஆண்டு அக்கா படுத்த படுக்கையாக இருந்த மூன்று மாதமும் தன் வயதையும் பாராமல் கஞ்சி ஊட்டித் தலை வாரிவிட்டவர் அந்தச் சம்பந்தியம்மாள்தான். முதலாண்டு நினைவு நாளான இன்று அவருக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கடைசி வாரம் வரை அக்காவும் சம்பந்தியம்மாளும் என்னைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் சேர்த்தே என் நன்றி.