செல்வி அக்காவின் கை

இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில், மரப்பட்டையைச் சீவிப் பால்வெட்டப் புது ஆட்களைப் பழக்குவது என் வேலை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த செல்வி அக்கா, தேயிலையில் வேலை குறைந்ததால் என்னிடம் வந்தார். அவருடைய கத்தி பட்டையைத் தாண்டி மரத்தையே காயப்படுத்தியது. நான் பக்கத்தில் நின்று, “ஆழம் கூடுது, ஆழம் கூடுது” என்று கத்துவேன். காயம்தான் கூடியது. சனிக்கிழமைச் சோதனையில் தேறாவிட்டால் அவருக்கு அந்த வேலை கிடையாது.

திங்கட்கிழமை காலை, சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், முதன்முறையாக அவரிடம் கேட்டேன்.

“அக்கா, வெட்டுறப்ப உங்க கையில என்ன நடக்குதுன்னு கவனிச்சுச் சொல்லுங்க.”

மெதுவாக வெட்டிப் பார்த்தார். “பாதி வரைக்கும் லேசாத்தான் இருக்குங்க சேர். அப்புறம் கை இறுகிப்போகுது.”

“ஏன் அப்படி?”

கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார். “அந்த இடத்துலதாங்க நீங்க கத்துவீங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்தடி தள்ளி நின்றேன். “கை இறுகினா நிறுத்திருங்க. லேசானதும் வெட்டுங்க” என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது மரத்தில் காயமே இல்லை. பட்டை மெல்லிய சுருளாக விழ, பால் கோடு பிடித்துச் சிரட்டைக்குள் இறங்கியது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே அடுத்த மரத்துக்குப் போனார்.

சனிக்கிழமை தேறிவிட்டார்.

என்னிடம் தேறாமல் திரும்பிப் போனவர்களை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனி வருகிறவர்களிடமாவது முதலில் கேட்டுவிடுகிறேன்.