மேல்பாதியில் மட்டும் நீலம்

அடி அண்ணாமலை கிராமத்து ரேணுகாம்பாளுக்குப் பிள்ளை என்று இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் புனேயில். மகள் அபிநயா கல்யாணமாகிப் போனவள்தான், வருஷக்கணக்காக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் போனில், "நம்ம மலையடிக் கொல்லையில அந்த நீலப்பூ, விஷ்ணுகிராந்தி, இன்னும் பூக்குதாம்மா? பூத்தா சொல்லு, ஓடி வந்துடறேன்" என்றாள். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். தாய் மனசு இருக்கிறதே, அது அந்தப் பேச்சை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டது.

கொல்லையில் பூ ஏது? புருஷன் போனபின் மாடுகளை விற்றாயிற்று. மேய மாடில்லாமல் புல் இடுப்பளவு மண்டி, தரையோடு படர்கிற சின்னச் செடிகளை வெயில் படாமல் அமுக்கிவிட்டது. ரேணுகாம்பாள் அரிவாளை எடுத்தாள். கத்திரித் தோட்டத்தில் செடிக்கடியில் புல் பரப்பிப் பழகின கை சும்மா இருக்குமா? அறுத்த புல்லை அங்கேயே மெத்தையாகப் பரப்பினாள், மண்ணுக்கு உரமாச்சே என்று. ஒரு வருஷம் முதுகொடிய அறுத்தும் ஒரு நீலப் பொட்டுகூடக் காணோம். மகளும் அப்புறம் பூவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பக்கத்துக் கொல்லைக்காரன் முருகவேல், கிரிவலப் பாதையில் மாடுகளைக் கட்டி, அதுகளுக்குக் கொடுக்கச் சொல்லிப் பக்தர்களிடம் புல்கட்டு விற்பவன். இந்த ஆடிப் பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி, புல் கம்மி. கேட்காமல் கொள்ளாமல், அவள் அறுத்துப் பரப்பியிருந்ததில், கொல்லையின் மலைப்பக்கத்து மேல்பாதியில் கிடந்ததை வாரிக்கொண்டு போய்விட்டான்.

"கட்டையில போறவனே! மண்ணுக்குப் போட்டத வாரிக்கினு போயிட்டியேடா!"

"புல்லுதானேக்கா, பொன்னா?" என்று சிரித்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் கொல்லைக்குப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேல்பாதி முழுக்க நீலம். நடுநடுவே தும்பை, நெருஞ்சி, பேர் தெரியாத ஒரு மஞ்சள் பூ. கீழ்பாதியில், அவள் பத்திரமாக மூடி வைத்த இடத்தில், அழுகின புல்தான் கிடந்தது. அடக் கடவுளே! வெயில் விழட்டும் என்று அறுத்துவிட்டு, அதே புல்லைப் போர்த்தியல்லவா விட்டிருக்கிறாள்!

வெட்கத்தை விட்டு முருகவேல் வாசலில் போய் நின்றாள். "தம்பி, கீழ்பாதியையும் வாரிக்கினு போடா."

"திட்ட மாட்டியேக்கா?"

"வாராட்டிதான்டா திட்டுவேன்."

அன்றைக்கே மகளுக்குப் படம் பிடித்து அனுப்பினாள். உடனே போன் வந்தது. "இவ்ளோ குட்டியாம்மா இந்தப் பூ? பெருசா இருக்கும்னு நெனச்சினு இருந்தேன்."

"பூ அதேதான்டி. நீதான் வளந்துட்ட. வந்து குனிஞ்சு பாரு. எனக்கு உன்னப் பாக்கணும்டி, அவ்ளோதான்."

"லீவு கேட்டுப் பாக்கறேம்மா" என்றாள். போன கார்த்திகைத் தீபத்துக்கும் இதையேதான் சொன்னாள், பாவி மகள்.